பச்சைக் கோட்டுச் சண்டை

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எங்களைப் பிரித்துவிட ஆள் வந்துவிட்டார்.

நானும் கரீம் பாயும் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். பஸ் வரவில்லை. சூளகிரி பக்கம் டயர் வெடித்து நிற்கிறது, வண்டியில் ஸ்டெப்னி இல்லை என்று இன்னொரு பஸ்ஸின் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"டயர் வெடிச்சதுதான் கோளாறு" என்றார் பாய்.

"டயர்னா வெடிக்கத்தான் செய்யும். ஸ்டெப்னி இல்லாம வந்தான் பாருங்க, அதுதான் கோளாறு" என்றேன்.

"மூளை இருக்குதா உனக்கு?"

"உங்களுக்கு மீதி இருந்தா கொஞ்சம் குடுங்க பாய்."

டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார். "பெரியவரே, வுடுங்க. ஒரு பஸ்ஸுக்கு எதுக்கு அடிச்சிக்கிறீங்க?"

"யாரு அடிச்சிக்கினாங்க? பேசிக்கினு இருக்கோம்" என்றார் பாய்.

நான் அதிகம் பேசாதவன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பாயோடு மட்டும் ஏன் இப்படி? அதற்கு ஒரு கம்ப்யூட்டர் காரணம். நம்புவீர்களா…

எனக்கு ஊர் கல்லாவி பக்கம். படிப்பு எட்டாவது. ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் ஆபரேட்டராக இருந்தேன். வலது கையில் இரண்டு விரல் பிரஸ்ஸில் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. போனது.

கட்டுப் பிரித்து வந்தபோது என்னை எங்கே வைப்பது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஷைலா மேடம் ஒரு கம்ப்யூட்டரோடு வந்தார். ஏசி ரூம் போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எங்கள் கம்பெனியில் மிஷின் நின்றால் ஆபரேட்டர் ஒரு சீட்டில் எழுதிப் போடுவான். இவன் தமிழில் எழுதுவான், அவன் கன்னடத்தில். இன்னொருவன் பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். மேனேஜர் மூட்டை மூட்டையாக இதைப் படிக்க முடியுமா? கம்ப்யூட்டரே படித்து, எந்த மிஷின், என்ன கோளாறு என்பதை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மேடத்தின் வேலை அதுதான்.

அதற்கு அவர் கம்ப்யூட்டருக்கு விதி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. சீட்டுகளை டைப் அடித்துப் பிரிண்ட் எடுத்து எங்களிடம் கொடுத்தார். மிஷின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. கோளாறுக்குக் கீழே பச்சைக் கோடு. நாங்கள் போட்ட கோடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், எந்தச் சொல் எதற்குப் பக்கத்தில் வருகிறது, எங்கே கோடு விழுகிறது என்று அது தானாகப் பார்த்துப் பழகும். பிறகு கோடு இல்லாத காகிதத்தில் அதுவே கோடு போடும். அதாவது, போட வேண்டும்.

கோடு போட இரண்டு பேர். ஒருவன் நான், இடது கையால். இன்னொருவர் ஸ்டோர் கீப்பர் கரீம் பாய். எதற்கு இரண்டு பேர்? ஒரே காகிதத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி கோடு போட்டால்தான் அதை நம்பலாமாம்.

மேனேஜர் என்னிடம் நேராகவே சொன்னார். "கம்ப்யூட்டர் படிக்கக் கத்துக்கிட்டா உனக்கு இதே ரூம்ல வேலை முனிராஜ். இல்லன்னா கணக்கை முடிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிடு."

ஊரில் எங்களுக்குக் கொல்லை, அதாவது கொஞ்சம் நிலம், இருக்கிறது. மண்வெட்டி பிடிக்க விரல் வேண்டும்.

முதல் வாரமே தகராறு வந்திருக்க வேண்டும், வரவில்லை. சீட்டில் இப்படி இருந்தது — 'பெல்ட் தெகிபோயி பிரஸ் நின்னுபோச்சு'. பாதி தெலுங்கு. பெல்ட் அறுந்து பிரஸ் நின்றுவிட்டது. பச்சைக் கோடு எதற்கு? நின்றதற்கு என்று நான் போட்டேன். அறுந்ததற்கு என்று பாய் போட்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவர் காகிதத்தை ஒருவர் பார்த்தோம். "சரி, உன் மாதிரியே இருக்கட்டும்" என்றார் பாய். ரப்பரால் அழித்து மாற்றிவிட்டார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. வயதில் பெரியவர். மறுநாள் அதே மாதிரி சீட்டு வந்தபோது நான் அழித்து அவர் மாதிரி போட்டேன். அதற்கடுத்த நாள் அவர் விட்டுக்கொடுத்தார். அப்புறம் நான். மேலதிகாரி எதிரில், உடன் வேலை செய்கிறவனைத் தவறு என்று சொல்லாதது எங்கள் பட்டறைப் பழக்கம். அதை ஏசி ரூமுக்கும் கொண்டுபோய்விட்டோம்.

மேடத்துக்கு ஏக சந்தோஷம். "ரெண்டு பேரும் ஒண்ணே மாதிரி போட்டிருக்கீங்க!" என்றார்.

முதல் சோதனைக்கு மேனேஜர் வந்தார். கம்ப்யூட்டர் ஒரு சீட்டில் அறுந்தது கோளாறு என்றது. அதே மாதிரி அடுத்த சீட்டில் நின்றது கோளாறு என்றது. மூன்றாவதில் எதற்குமே கோடு போடவில்லை.

"இது படிக்குதா, சீட்டுக் குலுக்கிப் போடுதா?" என்றார் மேனேஜர். மாதக் கடைசியில் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது என் கையைப் பார்த்தார்.

மறுநாள் மேடம் எங்கள் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தப்பு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் பாய் ரப்பரை எடுத்தார்.

"நேத்து நீ மாத்தினே. இன்னிக்கி என் முறை."

மேடம் எழுந்துவிட்டார். "ஹௌதா, அப்படியா? முறை வெச்சா மாத்துறீங்க? எதுக்கு?"

பாய் மெதுவாகத்தான் சொன்னார். ரூம் சின்னது. "விரல் போன ஆளு மேடம். அவங்கிட்ட என்னாத்துக்கு வாதம் பண்ணிக்கினு…"

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது எனக்குப் புதிது இல்லை. கை போனதிலிருந்து யாரும் என்னை மறுத்துப் பேசவில்லை. கேன்டீன் வரிசையில் முன்னால் விட்டார்கள். வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்றால் மனைவி ஆமாம் என்பாள். நன்றாக இருக்கிறது என்றாலும் ஆமாம் என்பாள்.

மேடம் திட்டவில்லை. "நீங்க ஒத்துப்போனா எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க ஒத்துப்போகலியோ, அதுதான் எனக்கு வேணும்" என்றார். பாயை ஸ்டோருக்கே அனுப்பி அங்கே கோடு போடச் சொன்னார். சாயங்காலம் இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் சேர்த்து வைத்தார்.

"எங்கெங்க மாறுதோ, அங்கெல்லாம் சண்டை போடுங்க. நான் டீ சொல்றேன்."

பாய் தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். நான் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"பிரஸ் நின்னதுதான் கோளாறு" என்றேன். "முன்னாடி நிக்கிறவனுக்கு அதுதான் தெரியும். பெல்ட்டு மூடிக்குள்ள இருக்குது."

"அப்ப ஸ்டோர்ல வந்து என்னா கேப்பே? நின்னதை எடுத்துக் குடுங்கன்னு கேப்பியா? நான் பெல்ட்டுதானே குடுக்கணும்?"

"பெல்ட்டு அறுந்தா உங்களுக்கு என்னா, நீங்க உக்காந்த இடத்துல இருப்பீங்க. நின்னா சூப்பர்வைசர் என்னைத்தான் கேக்கறான்."

"முட்டாப்பய மாதிரி பேசாத முனிராஜு."

பாய்க்கே திக்கென்று ஆகியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

அப்புறம் நாங்கள் நிறுத்தவில்லை. டீ ஆறிப்போனது. கடைசியில் நான்தான் சொன்னேன். "பாய், உங்களுது ஸ்டோருக்கு வேணும். என்னுது லைனுக்கு வேணும். ரெண்டும் ரெண்டு."

மேடம் பையிலிருந்து ஒரு நீலப் பென்சிலை எடுத்து நடுவில் வைத்தார். அறுந்ததற்கு நீலம், நின்றதற்குப் பச்சை. பழைய காகிதம் அத்தனைக்கும் முதலிலிருந்து கோடு.

அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "பாய் என்னை முட்டாப்பயன்னு சொல்லிட்டாரு."

"அதுக்கு எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?"

"குழம்புல உப்பு இல்ல."

குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அதெல்லாம் இருக்குது. ஒழுங்கா சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இருந்தது.

மாதக் கடைசியில் மேனேஜர் அன்றைய ஷிப்ட் சீட்டுகளைக் கொண்டுவந்தார். நாங்கள் யாரும் பார்க்காத சீட்டுகள். டைப் அடித்து ஏற்றினார்கள். பிரிண்டர் கத்திக் கத்திக் காகிதம் தள்ளியது. மேனேஜர் ஒவ்வொன்றாகப் படித்தார். இது மிஷின், இது அறுந்தது, இது நின்றது… சரியாகத்தான் வந்தது. ஒரு சீட்டில் மட்டும் தப்பு. 'சாம்பார் ஆறிப்போயி ஷிப்ட் லேட்டு' என்று எவனோ எழுதிப் போட்டிருந்தான். கம்ப்யூட்டர் சாம்பாரை மிஷின் என்று எடுத்திருந்தது.

மேனேஜர் முதல் முறையாகச் சிரித்தார். "கம்பெனி சாம்பார்தானே. கணக்குல இருக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், இந்தத் தடவை முகத்தை. "நாளைக்கு நேரத்துல வந்துடு."

இன்றைக்கும் அதே ரூமில்தான் இருக்கிறேன். வேலை கிடைத்ததற்கு மேடத்துக்கு நன்றி சொன்னேன். பாய்க்குச் சொல்லவில்லை. சொன்னால் 'போய்யா' என்பார்.

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் எல்லோரும் எப்போதும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்களா? கொஞ்சம் கவனியுங்கள். அவர்கள் உங்களோடு பேசவில்லை… உங்கள் காயத்தோடு பேசுகிறார்கள். முகத்துக்கு நேராக 'நீ சொல்றது தப்பு' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒருவர் இருக்கிறார். அது போதும்.

ஸ்டெப்னி இல்லாததுதான் கோளாறு. பாய் இதைப் படித்தால் படிக்கட்டும்.