பொன்னுசாமி மாமாவின் பதினொரு பிள்ளைகள்: ஒரு தாராவிப் பள்ளியின் பதிவேட்டைத் தேடி

என் மகள் ஜெனிக்கு அடுத்த மாதக் கடைசியில் துபாயில் பிரசவம். கூட இருக்க வேறு ஆளில்லை. எனக்கோ பாஸ்போர்ட் இல்லை. பிறந்த தேதிக்குச் சான்று வேண்டுமென்றால், தாராவி மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது வரை படித்த சான்றிதழ்தான் ஒரே வழி. அது எந்த மழையில் போனதோ தெரியாது. நகல் வாங்கப் போன வாரம் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினேன். இப்படிக் கிளம்பும் கட்டாயம் உங்களுக்கும் வரலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு மும்பை தாதரில் இறங்கினேன். லோக்கல் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா, டிக்கெட் ஐந்து ரூபாய். கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து இட்லி வாங்கினேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பள்ளி அலுவலகம் எட்டரைக்குத்தான் திறக்கும் என்று தெரிந்தும் ஏழரைக்கே டாக்ஸி பிடித்தேன். தாராவி இரண்டரை கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய்.

பள்ளி வாசலில் பூட்டுத் தொங்கியது. காவலாளி நம் ஊர்ப் பக்கத்துக்காரர்.

"பில்டிங் பழுதுன்னு காலி பண்ணி ரெண்டு வருசமாச்சுக்கா. பிள்ளைய எல்லாம் சயான் ஸ்கூலுக்குப் போவுது. ரெஜிஸ்டர் செம்பூர் ஆபீஸ்ல கெடக்கு. பாதி நனஞ்சு போச்சுன்னு சொல்லுதாவ."

செம்பூருக்கு மறுபடியும் டாக்ஸி. ஏழு கிலோமீட்டர்தான், டிராஃபிக்கில் நாற்பது நிமிடம், நூற்று அறுபது ரூபாய். வழி முழுக்க நனைந்த பாதியில் என் பக்கம் இருக்குமோ என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

பதிவேட்டு அறையில் இருந்த கிளார்க் தாராவியில் வளர்ந்த தமிழ்ப் பெண். பள்ளியின் சரித்திரமே அவர் அலமாரியில் இருந்தது. தகரக் கொட்டகையில் ஏழாவது வரை நடந்த காலத்துக்கு இரண்டு மெல்லிய பதிவேடுகள். கட்டடம் வந்து, பத்தாவது வந்து, காலையில் பெண்கள் மதியம் பையன்கள் என்று இரண்டு ஷிஃப்ட் ஓடிய எங்கள் காலத்துக்குத் தடித் தடியாக ஒரு வரிசை. இங்கிலீஷ் மீடியம் பக்கம் எல்லோரும் போன பிறகு மறுபடி மெலிந்து, கடைசிப் பதிவேட்டில் பாதி வெற்றுத்தாள். என் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டுக்கொண்டு எங்கள் காலத்துப் பதிவேட்டைப் புரட்டினார்.

"மரியதாஸ் மக செல்வின்னு யாருமே இல்லியேக்கா. பொன்னுசாமி மக செல்விதான் இருக்கு. இவருக்கு ஆறாங்கிளாஸ்ல மட்டும் ஒரே வருசம் நாலு பிள்ளைய. மொத்தம் பதினொண்ணு."

புரிந்துவிட்டது. எங்கள் சந்தில் ரேஷன் கார்டு இருந்தது பொன்னுசாமி மாமாவுக்கு மட்டும்தான். கார்டு இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்று சந்துப் பிள்ளைகள் எல்லோரையும் அந்தக் கார்டில்தான் சேர்த்தார்கள். முகவரிக்கு மட்டும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கிளார்க் என் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் 'பொன்னுசாமி' என்று இருந்தது. எழுத்து என் அப்பாவுடையது. தோல் பட்டறையில் விரல் நசுங்கிய பிறகு அவர் எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்தே விழும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கப்பா எழுதினது. ஆனா பேரு அவரு பேரு இல்ல. மாத்தித் தர முடியுமா?"

"ரெக்கார்டுல உள்ளதத்தான் தருவேன்க்கா. மாத்தணும்னா அஃபிடவிட், அப்புறம் மேலாபீஸ். மூணு மாசம் ஆவும். ஜல்தி வேணும்னா இப்பிடியே வாங்கிட்டுப் போங்க."

மூன்று மாதம் ஜெனிக்குத் தாங்காது என்று அப்படியே வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நேராகச் செம்பூருக்கே போங்கள். ஆதார் நகல் இரண்டு, போட்டோ இரண்டு போதும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மூன்று மணி நேரமாவது ஆகும். முக்கியமாக, பழைய சந்துக்காரர்களிடம் யார் கார்டில் சேர்த்தார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா பெயர் வேறாக இருந்தால் பாஸ்போர்ட் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. செவ்வாய்க்கிழமை போகிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் படிக்க வேண்டும் என்று அப்பா எழுதிய பெயரையே, ஜெனியிடம் போய்ச் சேர வேண்டும் என்று நானும் எழுதினேன்.