இரண்டு பாட்டில் வேகும் இட்லி

பெங்களூரில் ஒரு பண்பலை வானொலியில் காலைத் தமிழ் நேரம் என்னுடையது. மழை பெய்தால் மழைப்பாட்டு, அத்திபெலே வரைக்கும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றால் கேலிப்பாட்டு என்று அன்றைக்குத் தோன்றியதைப் போடுவேன். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து பட்டியல் வரத் தொடங்கியது. அரைத்த மாவையே அரைக்கிற அதே பாட்டுகள், அதுவும் இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டு. நடுநடுவே நான் சிரித்துக்கொண்டே மணி சொல்ல வேண்டும். அதற்குச் சுவர்க்கடிகாரம் போதுமே என்று எரிச்சலாக வந்தது. வேலையை விட்டுவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்த வாரம்தான் ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு அம்மா நிலையத்துக்குப் போன் செய்தார். வீட்டு வாசலில் இட்லிக்கடை வைத்திருக்கிறவர். குண்டானை அடுப்பில் ஏற்றினால் கடிகாரம் பார்க்கிற வழக்கமே இல்லையாம். என் நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு முடிந்தால் இறக்கிவிடுவாராம். வருஷக்கணக்காக அதுதான் கணக்காம்.

"ரெண்டாவது சரணத்த எங்க தம்பி ஒளிச்சு வெச்சீங்க? இட்லி நடுவுல மாவா நிக்குது. வர்றவங்க எல்லாம் என்னைய ஒரு மாதிரியா பாக்குறாங்க."

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. வெட்டியது ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

போனில் பேசியது பதிவாகியிருந்தது. மேலதிகாரியிடம் போட்டுக் காட்டி, கன்னடத்தில் விளக்கினேன். மனிதர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். தினமும் இரண்டு பாட்டை, என் இஷ்டப்படி, முழுசாகப் போடலாம் என்றார். அந்த இரண்டு பாட்டுக்காகவே நான் வேலையில் தங்கினேன். முந்தின நாளே தேடித் தேடி எடுத்து வைப்பேன். என் வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் அவை. அதற்கு அந்த அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

போன வருஷம் தமிழ் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை முதல்முறையாக ஜீவனஹள்ளிக்குப் போனேன். ஒரு பிளேட் இட்லி கேட்டதுமே குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அலமாரியில் ரேடியோ சும்மா இருந்தது. இனி எதை வைத்து இட்லியை இறக்குவீர்கள் என்று கேட்டேன்.

அவர் புது ஈட்டை ஏற்றி மூடிவிட்டு, ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"அதான் நீங்களே வந்துட்டீங்களே. உக்காந்து பேசுங்க. எப்ப எறக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

நான் போட ஆசைப்பட்டுப் போடாமலே போன பாட்டுகளைப் பற்றிப் பேசினேன். நடுவில் யாரும் வெட்டவில்லை. இட்லி நன்றாக வெந்திருந்தது.