கை தொடவில்லை

சென்னீர்குப்பத்தில் பிள்ளை பெற்றவள் முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துலுக்கானத்திடம்தான் போவாள். அவன் தன் வலது கையைக் குழந்தையின் தலையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்து பொய் பேசாது என்று தெருவே நம்பியது. துலுக்கானம் பூசாரி இல்லை. ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பிரித்துவிடும் நீர்க்கட்டி. முழங்கால் வரை சேறும் தோளில் மண்வெட்டியுமாகத் திரிகிற மனுஷன். தாய்மார்கள் வந்து நின்றால் கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வருவான். வெடுக்கென்று வைப்பான், சுடுசட்டியைத் தொட்டவன் மாதிரி எடுத்துவிடுவான். அடக்கமான மனுஷன் என்றார்கள். அடக்கமாவது ஒன்றாவது! அத்தனையும் பயம்.

பெற்ற மகள் அங்கம்மா தலையில் மட்டும் அந்தக் கையை அவன் ஒருநாளும் வைத்ததில்லை. அவள் கல்யாணத்தில் இடக்கையால் அரிசி தூவிச் சம்பந்தி வீட்டாரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான். வலது தோளில் சுளுக்கு என்று சமாளித்தான்.

சுளுக்கு பதினேழு வருஷத்துச் சுளுக்கு. அப்போது ஏரிக்கு இரண்டு நீர்க்கட்டிகள், துலுக்கானமும் சின்னப்பையனும். ஒரே வயசு, ஒரே தெரு, ஒருவனை ஒருவன் மாமே என்றுதான் கூப்பிடுவான். அந்த வருஷம் மழை பொய்த்து ஏரியில் கணுக்கால் தண்ணீர்தான் மிச்சம். ஊர் நாற்றங்கால்களுக்கு முறை வைத்துத்தான் விட்டார்கள். ஒரு நாள் காலை துலுக்கானம் புல்லுக்கட்டைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தான். அவனுடைய கால்காணி நாற்று காய்ந்து கிடப்பதைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. முறை அவனுடையதல்ல, கொஞ்ச நேரம்தானே என்று மடைப்பலகையைக் காலால் எத்திவிட்டான். புல்லுக்கட்டை இறக்கிவிட்டு வந்து மூடுவதாக எண்ணம். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் என்றதும் மடை மறந்தே போயிற்று. மாலைக்குள் தண்ணீர் அவன் வயலையும் தாண்டி ஓடையில் விழுந்து வீணாய்ப் போயிருந்தது. அந்த வருஷம் ஊரில் பாதி வீட்டில் உலை ஏறவில்லை.

அன்றைய காவல் சின்னப்பையனுடையது. முதல் நாள் கள் குடித்துவிட்டு மடைக்குப் பக்கத்திலேயே மப்பில் கிடந்தவன் அவன். மணியக்காரர் இருவரையும் தெருமுனை வேம்புலியம்மன் முன்னால் நிறுத்தி, கற்பூரத்தை ஏற்றி, நிரபராதி அணைக்கட்டும் என்றார். சின்னப்பையன் தயங்கினான், அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. துலுக்கானம் தயங்கவில்லை. "என் கை மடைப்பலகையைத் தொடலை தாயே" என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அழுத்தி அணைத்தான். சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. கை தொடவில்லைதானே! கை சுடவும் இல்லை. அந்தச் சுடாத கையைத்தான் ஊர் அன்றிலிருந்து கும்பிட்டது. பழி விழுந்த சின்னப்பையன் பெண்டாட்டி பிள்ளையோடு பட்டாபிராம் பக்கம் போய்விட்டான்.

சுட்டிருந்தால் தேவலை என்று துலுக்கானம் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். காலையில் எழுந்ததும் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பான். அம்மன் மறந்துவிட்டாளா, அல்லது எதற்கோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

உலகச் சண்டை முடிந்த வருஷம் அங்கம்மாவுக்குத் தலைச்சன் பிறந்தது. முப்பதாம் நாள் குழந்தையோடு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். வைக்கவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தான்.

"ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் வெச்ச கை, என் புள்ளைக்கு மட்டும் இன்னா நைனா? நான் உனக்கு இன்னா கொறை வெச்சேன்?"

அவள் அழுதுகொண்டே போனாள். ஊர்ப் பிள்ளைகளை ஏமாற்றியாயிற்று. தன் பேரப்பிள்ளைக்கும் இந்தக் கையைத்தான் சொத்தாக விடப் போகிறோமா என்று துலுக்கானம் தன்னையே கேட்டுக்கொண்டான். சின்னப்பையன் காலில் விழுந்துவிட்டு வந்துதான் பேரன் தலையைத் தொடுவது என்று முடிவு செய்தான். மறுநாள் விடிந்ததும் ஆவடி வழியாக நடந்தான்.

பட்டாபிராமில் பட்டாளத்துச் சரக்கு ரயில் நிற்கிற இடத்துக்குப் பின்னால் சின்னப்பையன் வீடு இருந்தது. சின்னப்பையன் இல்லை, செத்து இரண்டு வருஷம் ஆயிற்று. அவன் மகள் வேம்புலியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் யார் என்று தெரிந்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவனைச் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது.

"சாவுற வரைக்கும் நைனா உன் பேரத்தான் சொல்லிகினு இருந்தாரு பெரிப்பா. துலுக்கானம் கற்பூரம் அணைச்சான், கை சுடலை, அப்போ நாந்தான் மப்புல தொறந்திருக்கணும்னு சொல்வாரு. அன்னிக்கு உட்டவரு, அப்புறம் கள்ளைத் தொடவேயில்ல. தப்பு பண்ணா மறைக்காம ஒத்துக்கணும்னு எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தாரு."

உள்ளே போய்த் தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்து அவன் முன்னால் நீட்டினாள். கையை வைக்கச் சொன்னாள்.

துலுக்கானம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். வைத்துவிட்டு வந்த வழியே போய்விடலாம். கேட்க வேண்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. செய்யாத தப்பை ஒருவன் பதினைந்து வருஷம் சுமந்து, அதிலேயே தன்னைத் திருத்திக்கொண்டு, பிள்ளைகளையும் நேராக வளர்த்துவிட்டுப் போயிருக்கிறான். செய்தவனோ குழந்தைகளின் தலையைத் தொட்டுக்கொண்டு திரிகிறான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"உங்க நைனா தொறக்கலம்மா. நான்தான் தொறந்தேன். கை தொடலை, கால் தொட்டுச்சு" என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. புல்லுக்கட்டிலிருந்து கற்பூரம் வரை எல்லாவற்றையும் சொன்னான். வேம்புலியம்மாள் நீட்டிய குழந்தையை மெதுவாகத் தன் தோளுக்கு எடுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? எங்க நைனா எங்க தலை குனிஞ்சாரோ அங்க வந்து சொல்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வேம்புலியம்மன் முன்னால் தெருவே கூடியிருந்தது. துலுக்கானம் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, அம்மனைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னான். அணைக்கவில்லை, அது தானாக எரிந்து தீர்ந்தது. முன்பு தன் மூன்று பிள்ளைகளையும் அவனிடம் தூக்கி வந்திருந்த நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு தலையிலயும் வெச்சியேடா பாவி" என்றாள். நீர்க்கட்டி வேலை வேறு ஆளுக்குப் போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகும் அங்கம்மா போகவில்லை. அப்பனைத் திரும்பியும் பாராமல் வேம்புலியம்மாளிடம் போனாள்.

"அக்கா, என் புள்ள தலையில நீ கைய வெய்யி. உங்க நைனா கொணம் வரட்டும்."

வேம்புலியம்மாள் தயங்கினாள். இத்தனை பேருக்கு முன்னால் தன் அப்பன் பெயருக்கு அப்படி ஒரு வார்த்தை கேட்டதில் அவள் கண் கலங்கிவிட்டது. மெல்லக் கையை வைத்து, சற்று நேரம் எடுக்காமல் இருந்தாள். துலுக்கானம் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

அங்கம்மா திரும்பினாள். முகம் இறுகித்தான் இருந்தது.

"அக்கா வெயில்ல நடந்து வந்துகீது. ஊட்டுல போயி தண்ணி எடுத்தாறேன். இத புடி."

அவன் மறுப்பதற்குள் குழந்தையை அவன் கையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கழுத்து நிற்காத பச்சைக் குழந்தை. தலையைத் தாங்காமல் எப்படிப் பிடிப்பது? வலது உள்ளங்கை தானாக விரிந்து கொடுத்தது. வெதுவெதுவென்று அந்தச் சின்னத் தலை அதில் வந்து அமர்ந்தது. அவள் தண்ணீர் கொண்டு வரும் வரை எடுக்க வழியில்லாமல் அப்படியே நின்றான்.