கண்ணன் நிறத்தில் ஒரு மாதா படம்

2008இல், அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்த கையோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் பில் புத்தகம் மட்டுமே. பிறகு முதல் வண்ண வேலை வந்தது: ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் வரைந்த மாதாவும் குழந்தையும். சிதம்பரத்து டீச்சர் ஒருவர் புதுவீட்டு விருந்தாளிகளுக்குக் கொடுக்க முந்நூறு பிரதி கேட்டிருந்தார்.

"சரியா வந்தா பிளேட் தயார் பண்ற மேசை உனக்கு. இல்லன்னா திரும்ப பில் புக்குதான்" என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன்.

எங்கள் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு நிற மையை மட்டும் போடும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று தாள் நான்கு முறை உள்ளே போய்வர வேண்டும். நிறத்துக்கு ஒரு பிளேட். நோட்டில் பதினோரு சரிபார்ப்புகள் எழுதி, பதினொன்றுக்கும் டிக் போட்டேன். பிளேட் ஓரத்தில் நிறத்தின் பெயரை எழுதுவது அதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து ஞாபகத்தை வைத்து எழுதினேன்.

மஞ்சள் முந்நூறிலும் ஓடியது. வெளிறிய நிறம், ஒன்றும் தெரியவில்லை. சிவப்பும் ஓடியது. நீலத்தில் முதல் தாள் வந்ததுமே அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

மாதாவின் நீல மேலாடை மாம்பழ நிறத்தில் தகதகத்தது. முகங்கள் கருநீலம். மஞ்சள் பிளேட்டுக்கு நீலம் என்றும் நீல பிளேட்டுக்கு மஞ்சள் என்றும் எழுதியிருந்தேன்.

"கண்ணன் நீலம், சரி. யசோதைக்கு எதுக்கும்மா நீலம் அடிச்ச?"

அழ வேண்டிய நேரம். சிரிப்புதான் வந்தது, அடக்க அடக்க வயிறு வலித்தது. அண்ணனும் மெஷினைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார்.

"இது யாரு?"

"உங்க மாதாதான் டீச்சர். பிளேட்ட மாத்திட்டேன். நாளைக்கு வேற தாள்ல போட்டுத் தர்றேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது.

"கிழிச்சிடாத, குடு. இப்ப இருக்கற வாடகை வீட்டுக்கு எதிர்வீட்டம்மா கிருஷ்ண ஜெயந்திக்குக் கிருஷ்ண ஜெயந்தி சீடை குடுத்துகினே இருக்காங்க. நானும் ஏதாச்சும் குடுக்கணும்ல?"

சுருட்டி எடுத்துக்கொண்டு சிரித்தபடியே பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் ஒவ்வொரு பிளேட்டையும் அதைத் தயாரித்த ஃபிலிமோடு வைத்துப் பார்த்து, பெயரை அழித்து எழுதினேன். சாயங்காலம் கடைசிக் கறுப்பு ஏறியதும் குழந்தையின் கன்னம் ரோஜா நிறத்தில் நின்றது. அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிளேட்டில் பெயர் எழுதும் மார்க்கர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"நீயே வச்சிக்க. ஆனா சாப்புடறதுக்கு முன்னாடி எழுது."

நோட்டில் பன்னிரண்டாவதாக அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.