சும்மா வந்ததன் மேல் ஒரு கண்

கொசுறாகப் பையில் விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துத் திரும்பத் தராசிலேயே வைக்கிறார் சார். "இது எதுக்கு?"

"சும்மாதான் சார்," என்கிறார் காய்கறிக்காரர்.

"சும்மான்னா?"

சார் அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுகலைக் கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றத்தோடு வைத்துவிட்டு நடக்கிறார். பள்ளிக்கூடத்தில் அவர் கணினி ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் சந்தேக சார். பிள்ளைகளுக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்பார்கள். அவருக்கு வரும் சந்தேகத்தை அவர் யாரிடம் கேட்பது? "கல்யாணமான புதுசுல நான் சிரிச்சாக்கூட, எதுக்கு சிரிக்கிறேன்னுதான் கேப்பாரு" என்று அவர் மனைவி சொல்வார், அதையும் சிரித்துக்கொண்டே.

இப்படிப்பட்ட மனிதரின் கணினி அறைக்குள்தான் சும்மா கிடைத்த மென்பொருள் நுழைந்தது. பாதிக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் பழைய மென்பொருளின் உரிமம் முடிந்துபோய், முன்வரிசைக் கணினிகள் மட்டும் திறந்தன. பின்வரிசைகள் இருண்டு கிடந்தன. ஒரு சுட்டிக்கு ஒரு கூட்டம் என்று பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள். தலைமையாசிரியை, காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளைப் போடச் சொன்னார். எல்லாத் திரைகளும் ஒளிர்ந்தன. சார் முகம் மட்டும் இருண்டது.

"ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க சார். சரிப்படலைன்னு நீங்க சொன்னா எடுத்துடலாம்," என்றார் தலைமையாசிரியை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை, குற்றம் கண்டுபிடிப்பது. கட்டற்ற என்றால் கட்டுப்பாடே இல்லாதது என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். "இது திறந்த மூலம் சார், யார் வேணும்னாலும் உள்ள பாத்துக்கலாம்," என்றார் கணக்கு ஆசிரியை. "மூலம்னா வைத்தியர்கிட்ட காட்டணும் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு ஏன் கொண்டு வரீங்க?" ஆசிரியர் அறை சிரித்து ஓய்ந்தது. அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் அறையைப் பூட்டும் முன் இணைய வடத்தைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். நாம் போன பிறகு இது யாரிடம் என்ன பேசுமோ!

உண்மையில் அவருக்குப் பயம். பழைய மென்பொருளில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இதில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. வகுப்புக்கு முன்னால் அவர் எதையோ தேடித் திணறியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "மேல இடது பக்கம் சார்," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவருக்குக் காது வரை சுட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த அவமானம் தீரும். கூடவே அந்தப் பெண்ணின் திரையும் இருண்டுபோகும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியில் குற்றம் அகப்பட்டது. எழுதிய கோப்பைச் சேமிக்க வேண்டிய இடத்தில் 'காப்பாற்று' என்று போட்டிருந்தது. யாரை? எதிலிருந்து? அவர் தலைமையாசிரியை அறைக்கு ஏறக்குறைய ஓடினார். "பாத்தீங்களா மேடம், சும்மா குடுத்ததோட லட்சணத்த!"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "தமிழாக்கம் பண்றவங்க முகவரி அதுலயே இருக்கே சார். எழுதிப் போடுங்க."

வடத்தை மறுபடி மாட்டிக் காரசாரமாக எழுதிப் போட்டார். பதில் வந்தது: தவறுக்கு வருந்துகிறோம், சரியான சொல்லை நீங்களே தாருங்கள். "வேலைய நம்ம தலையில கட்டறான் பாருங்க," என்று கணக்கு ஆசிரியையிடம் குமைந்தார். இதற்காகவே தப்பை விட்டு வைத்திருப்பார்களோ என்றும் தோன்றியது. ஆனாலும் 'சேமி' என்று எழுதி அனுப்பினார்.

விட்டார்களா? ஏன் 'சேமி', 'பதிவு செய்' ஆகாதா என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டார். சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பதிவு வேறு, சேமிப்பு வேறு என்று பக்கம் பக்கமாக வாதாடினார். அவர் சொன்னதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மனைவி தலையாட்டுவார். எதிர்த்து வாதாட ஒரு ஆள் கிடைத்தது அவருக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

அடுத்த புதுப்பிப்பில் 'சேமி' வந்திருந்தது. அவர் நம்பவில்லை. தன் வாயை அடைக்கத் தன் கணினியில் மட்டும் மாற்றியிருப்பார்களோ? அறையிலிருந்த எல்லாவற்றிலும் பார்த்தார். அதுவும் போதாமல், வேறு ஊரில் அச்சகம் வைத்திருக்கும் மைத்துனனுக்குப் போன் போட்டார். அவனும் இதே மென்பொருள்தான் வைத்திருந்தான்.

"மாப்ள, புதுசா வந்தத ஏத்திட்டியா? 'திற'ன்னு இருக்குல்ல, அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு? படி."

"'சேமி'ன்னு இருக்கு. ஏன் மாமா?"

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அட, சேமிதான் மாமா. வேற எப்படி இருக்கும்?"

போனை வைத்தார். அப்படியென்றால் தான் போயிராத ஊர்களிலும், யார் யாருடைய திரைகளிலோ, தன் சொல். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் ஓரக்கண்ணால்தான் பார்த்தார்.

மாதம் முடிந்த அன்று வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசை வரை ஆளுக்கொரு திரை. சார் தன் கணினியில் மூக்கு முட்டும்படி குனிந்திருந்தார். செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளைக்கு 'செய்யாதே' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, அதற்கு ஈடாக ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே சார் எழுந்து நின்றுவிடுவார். இன்று பிள்ளைகள் மட்டும்தான் எழுந்தார்கள்.

"என்ன சார், மாசம் முடிஞ்சுது. எடுத்துடச் சொல்லட்டுமா?"

சார் திரும்பவில்லை. வலக்கை விரல் 'செய்யாதே'யின் மேலேயே இருக்க, இடக்கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் இருங்க என்பதுபோல் உள்ளங்கை தெரிய மேடத்தின் பக்கம் நீட்டினார்.