திரைக்குப் பின்னால் பேசிய அன்று

வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த என்னை, வழக்கமான இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எச்.ஐ.வி. என்று கொழும்பு கிளினிக்கில்தான் தெரிந்தது. தெஹியோவிட்ட பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், நெஞ்சில் ஏதோ நோய், நெஞ்சு வருத்தம் என்று சொல்லிவைத்தேன்.

கிளினிக்கில் தாதியாக இருந்த மிஸ்ஸி ஒருநாள் கேட்டார். பல நாட்டுப் பிரதிநிதிகள் கொழும்பில் கூடுகிறார்களாம். இந்த நோயை ஒழிக்கவும், ஏழைகளுக்கும் மருந்து கிடைக்கவும் உறுதி எடுக்கப்போகிறார்களாம். திரைக்குப் பின்னால் இருந்து பேச முடியுமா என்றார். அப்போது மாத்திரை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சம்மதித்தேன்.

கட்டிக்கொள்ள நல்ல சேலை இல்லை. கலியாணத்துக்குப் போவதாகச் சொல்லி, பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த அக்காவிடம் அவருடைய கனகாம்பர நிறச் சேலையை வாங்கினேன். பச்சைக் கரையில் மயில் போட்டது. வரிசையாக அறைகள் ஒட்டிய எங்கள் லயத்தில் வேறு யாரிடமும் அப்படி இல்லை.

நான் தமிழில் பேசினேன், அவர்கள் காதில் மாட்டிய கருவியில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரையும் ஒதுக்கவிடமாட்டோம் என்று கையெழுத்தும் போட்டார்கள். யாரும் பார்க்கக் கூடாதென்று எனக்கு மட்டும் தேநீரைத் தனி அறைக்குக் கொண்டுவந்தார்கள். திருடியைப் போல உட்கார்ந்து குடித்தேன்.

மறுநாள் டி.வி. செய்தியில் அதைக் காட்டினார்கள். முகம் தெரியவில்லை. திரைக்குக் கீழே மயில் கரை தெரிந்தது.

அடுத்த நாள் காலையில், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில், அக்கா வந்ததும் பெண்கள் குடங்களை இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் போதும், தப்பித்துவிடலாம். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து தண்ணீர் பிடித்தார்.

நான் என் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுப் பேசினது நான்தான். வருத்தம் எனக்குத்தான். அக்காவை விடுங்க."

எல்லோரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள், வேண்டியதற்கும் அதிகமாக.

சேலையைத் துவைத்து மடித்து எடுத்துப்போனேன். அக்கா வாசலிலேயே நின்றார்.

"நீயே வச்சுக்க தங்கச்சி. நான் திரும்பக் கட்டினா, எம்புள்ளைங்களைக் கூப்பிட்டு, ஒங்கம்மாவுக்குமான்னு கேப்பாங்க."

அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அழுதுவிடுவார் போலிருந்தது. திரும்பிவிட்டேன்.

பிறகு மாத்திரை இலவசமாகவே கிடைத்தது. அவிசாவளையில் பஸ் மாறிக் கொழும்புக்குப் போய் வாங்கிவந்தேன். அந்தக் கூட்டத்தில் சொன்னதில் அது மட்டும் உண்மையாயிற்று, உயிரோடும் இருக்கிறேன். ஆனால் பீலிக்கு, எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போனபிறகே போவேன். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை.