முனியாண்டியின் கத்தரிக்காயை யாரும் வாங்காத சனிக்கிழமைகள்

1. கூட்டம்

முதல் நாளே கத்தரிக்காய் தீர்ந்துபோனது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் முனியாண்டி காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டு, "இப்படி ஆவும்னு தெரிஞ்சிருந்தா லோரியில இன்னும் ரெண்டு கூடை ஏத்தியிருப்பேன்லா மேடம்" என்றார். ஏதோ நானே விளைவித்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அப்போது நான் மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு சமூகநலத் திட்டத்தில் களப்பணியாளர். எஸ்டேட்டை விட்டு வந்த குடும்பங்கள் அதிகமாக வாழும் மலிவு விலை அடுக்குமாடி ஃபிளாட் ஒன்றில், வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கூப்பன் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை காலையில் கூடும் உழவர் சந்தையில், பசார் தானி என்பார்களே, அங்கே அந்தக் கூப்பனைக் கொடுத்துக் காய்கறி, கீரை, பழம் வாங்கிக்கொள்ளலாம். மீனுக்கும் கோழிக்கும் அது செல்லாது. மீ என்கிற நூடுல்ஸ் பாக்கெட்டுக்குச் செல்லவே செல்லாது.

செப்டம்பர் கடைசியில் தொடங்கி நான்கு சனிக்கிழமை வெள்ளோட்டம் விட்டோம். நான்கிலும் திருவிழாக் கூட்டம். நான்காவது மாடி சரோஜா, ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்பவர், ஏழு மணிக்கே பையோடு நின்று பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். என் மேலதிகாரி நடராஜா சந்தைக்கே வந்து படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். திட்டம் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு பரிசீலனை, அவ்வளவுதான் நிபந்தனை.

முனியாண்டிக்கு ஜெராம் பக்கம் சின்னதாக ஒரு தோட்டம். பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"நட்டுரவா மேடம்? கத்திரியும் வெண்டியும் போட்டா டிசம்பர்ல கொட்டும். இந்த ஆளுங்க வாங்குவாங்கதானே?"

"தைரியமா நடுங்க. நான் இருக்கேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

2. ஈ ஓட்டியது

தீபாவளி முடிந்ததும் முறைப்படி தொடங்கினோம். முதல் சனிக்கிழமை ஐந்தாறு பேர் வந்தார்கள். பண்டிகைக் களைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் மழை மேல் பழியைப் போட்டேன். மூன்றாவது வாரம் நல்ல வெயில். பழி போட எதுவும் கிடைக்கவில்லை. முனியாண்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் அவர் சொன்னபடியே கொட்டியது. பளபளவென்று ஊதா நிறக் கத்தரிக்காய், கூடை கூடையாக. மதியம் அத்தனையும் திரும்ப லோரியில் ஏறும். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "என்னா மேடம் இது, மாயமா இருக்கு" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அலுவலகத்தில் நடராஜா அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். "நம்ம ஆளுங்களுக்குக் காய்கறி சாப்பிடுற பழக்கமே இல்ல தேவகி. 'ஆர்வம் இல்லை'ன்னு எழுதி முடிச்சிடலாம்."

"அப்போ அந்த நாலு வாரம், பாஸ்?"

"புதுசுல எல்லாருந்தான் வருவாங்க."

எனக்கு அது ஒட்டவில்லை. சரோஜா தட்டிப் பார்த்த பூசணிக்காய் கண் முன்னாலேயே நின்றது. புதுமைக்காக ஏழு மணிக்கு எழுந்து யாராவது பூசணிக்காயைத் தட்டுவார்களா? எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் மூக்கை நுழைக்கும் குணம் உண்டு. வீட்டில் அதற்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று ஒரு வாரம் தவணை வாங்கினேன்.

3. நான்காவது மாடி

கேள்விப் படிவம் தயாரித்தேன். சந்தை தூரமா? விலை அதிகமா? காய்கறியில் உள்ள சத்துகள் பற்றித் தெரியுமா? இப்படி இருபது கேள்வி. சனிக்கிழமை சந்தையில் தலையைக் காட்டிவிட்டு, வழியில் வீட்டுக்கு வேண்டியதையும் வாங்கிக்கொண்டு, நான்கு மாடி ஏறினேன். லிப்ட் வேலை செய்யவில்லை.

சரோஜா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஜெராம் மீன், அன்று காலை வந்தது. நான் மூச்சு வாங்கி முடித்து, படிவத்தைப் பிரித்து, சத்துகள் பற்றிய கேள்வி வரைக்கும் வந்துவிட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க" என்று கையை உதறினார் சரோஜா. "இன்னிக்கு என்னா கெழம?"

"சனி."

"ஒங்க பையில என்னா?"

நான் குனிந்து பார்த்தேன். கால்மாட்டில் வைத்திருந்த பிளாஸ்டிக் பை. அதில் வெட்டிய கோழி. அரை மணி நேரத்துக்கு முன்னால் நானே வாங்கியது.

சரோஜா சிரிக்கத் தொடங்கினார். உள்ளே அவருடைய மாமியாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அந்த நாலு வாரம் பொரட்டாசிலா அக்கா! பொரட்டாசி சனிக்கெழமையில நாங்க காய் வாங்காம வேற என்னாத்த வாங்குவோம்? பொரட்டாசி முடிஞ்சா சனி ஞாயிறுதான் கவுச்சி ஆக்குற நாளு. வெள்ளிக்கெழமதான் சைவம். அதுக்கு வியாழக்கெழம சாயங்காலம் பஸ்ஸுல எறங்குனதும் கீழ கடையில வாங்கிருவோம். வாடிப்போயிதான் கெடக்கும். ஒரு கத்திரி, ரெண்டு முருங்கன்னு பொறுக்கிக்குவோம். ஒங்க பசார் சனிக்கெழம வந்தா நாங்க என்னா பண்றது?"

நான் அசடு வழிந்தேன். புரட்டாசி முழுக்க நானும் விரதம். நடராஜாவும் விரதம். வெள்ளோட்டத்தின்போது இரண்டு பேரும் சந்தை ஓரத்தில் நின்று ஆளுக்கொரு பொட்டலம் சைவ மீகூன், அரிசி நூடுல்ஸ், சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அலுவலகக் காகிதத்தில் செப்டம்பர், அக்டோபர் என்றுதானே இருந்தது! வீட்டு நாள்காட்டியை வீட்டிலேயே மாட்டிவிட்டு வேலைக்கு வந்திருக்கிறோம். என் இருபது கேள்வியில் எந்தக் கிழமை என்ற கேள்வி இல்லை.

4. வியாழன்

விஷயத்தைச் சொன்னதும் நடராஜா ஒரு கூப்பனை எடுத்துப் பார்த்தார். பிறகு, "கூப்பன்ல சனிக்கிழமைன்னு அச்சடிச்சாச்சே" என்றார்.

"சனியை அடிச்சிட்டு வியாழன்னு எழுதிக்கலாம் பாஸ். நான் எழுதுறேன்."

"ஒரு வியாழக்கிழமை. அன்னைக்கும் ஆள் வரலன்னா அறிக்கை போயிடும்."

முனியாண்டி தயங்கினார். ஒரு முறை என் பேச்சைக் கேட்டு நட்டவர் அல்லவா. இந்த முறை நான் "தைரியமா" என்ற வார்த்தையைத் தொடவில்லை. "எனக்கு உறுதியாத் தெரியல, வந்து பார்ப்போம்" என்றேன். "அது போதும் மேடம்" என்று ஒத்துக்கொண்டார்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு ஃபிளாட்டின் கீழே கடை விரித்தோம். சரோஜா சொன்னபடி ஒரு கத்தரி, இரண்டு முருங்கை என்று பொறுக்கி எடுக்கலாம் என்று முனியாண்டி ஓர் அட்டையில் எழுதி வைத்தார். ஐந்தரை ஆனது. மழை தூறியது. ஆறும் ஆனது. இரண்டு பூனைகள் தவிர யாரும் இல்லை. முனியாண்டி துடைத்த கத்தரிக்காய்களையே மறுபடி துடைத்தார்.

ஆறே காலுக்குத் தொழிற்சாலை பஸ் திரும்பியது. சரோஜாதான் முதலில் இறங்கினார். "ஏய், வந்திருக்காங்கடி!" என்று பஸ்ஸுக்குள் பார்த்துக் கத்தினார். அதன் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. பாதிப் பேரிடம் கூப்பன் கையில் இல்லை. மாடி ஏறி எடுத்து வந்தார்கள். ஏற முடியாதவர்கள் கைக்காசு கொடுத்தே வாங்கினார்கள். காய்கறி சாப்பிடும் பழக்கம் இல்லாதவர்களாம்!

கூட்டத்தில் ஒரு சட்டைக்கை பரிச்சயமாகத் தெரிந்தது. நடராஜா. மேற்பார்வைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கோப்பைப் பார்க்கவில்லை. கையில் வேறு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார், மனைவியின் கையெழுத்து.

"கத்திரிக்கா கால் கிலோ, முருங்கக்கா நாலு" என்று முனியாண்டியிடம் படித்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை தேவகி. வீட்ல ஒண்ணுமில்ல."

அந்த அறிக்கை போகவில்லை.

இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு குடும்பத்துக்கு ஆர்வம் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், நாளைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று யோசித்துப் பாருங்கள். அன்று கடை கட்டும்போதுதான், மறுநாள் வெள்ளிக்கிழமைக்கு என் வீட்டிலும் காய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கூடை காலி. ஒரு கத்தரிக்காய்கூட மிச்சமில்லை.